ஒரு தெருவுக்கு மட்டும் நான் இரண்டாம் தாரம்

பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் சமூகவியல் படித்து, பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்துக்கு வேலை கேட்டு மாவட்டக் கச்சேரி வாசலில் பதாகையோடு வெயிலில் குந்தியிருந்து, கடைசியில் அரசாங்கம் மனமிரங்கித் தந்த வேலை இது: குற்றவாளிகளை மேய்ப்பது. நியமனக் கடிதத்தில் இதை இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நீதவான் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியில் விடுவார். விட்டதற்குப் பதிலாக அவர்கள் ஏதாவது ஒரு பொது இடத்தில் சம்பளமில்லாமல் இத்தனை மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும். செய்கிறார்களா, சொன்ன முகவரியில் குடியிருக்கிறார்களா, மறுபடி எதிலும் மாட்டாமல் இருக்கிறார்களா என்று பார்த்து மாதாமாதம் நீதிமன்றத்துக்கு எழுதுவது நான். ஒன்று பிசகினாலும் ஆள் திரும்பக் கூண்டில் ஏற வேண்டும். இறங்கும்போது வழி சிறைப் பக்கம்தான்.

எனக்கு வயது இருபத்தேழு. கறுப்பு அபாயா, சிவப்பு ஸ்கூட்டி, முதுகில் ஃபைல் பை. என் கண்காணிப்பில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் என் வாப்பாவின் வயதுக்காரர்கள். அவர்களைத் திருத்தும் பொறுப்பு என்னிடம். அரசாங்கத்துக்கும் சில நேரம் நகைச்சுவை உணர்வு வந்துவிடுகிறது.

நான் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஆள் என்னிடம் வந்து சேர்ந்தது போன வருடம். கல்முனைப் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குக் கதிரை, பந்தல், சமையல் கிடாரம் வாடகைக்கு விடுகிறவர். ஐம்பது தாண்டிய ஆள், நல்ல தாடி, பள்ளியில் முதல் வரிசை. மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே மூன்று பக்கட் கஞ்சா வைத்திருந்து பொலிசிடம் மாட்டியிருந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான் ஜும்ஆ முடிந்து ஊரில் போதை ஒழிப்பு ஊர்வலம் போயிருந்தது. முன்வரிசைப் பதாகையின் இடது கம்பைப் பிடித்திருந்தவர் சாட்சாத் இவர். படம் இன்னும் முகநூலில் இருக்கிறது. தேடிப் பார்த்தேன். கடமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"முழங்கால் நோவுக்கு மிஸ்" என்றார் முதல் நாள்.

"மூணு பக்கட்டா காக்கா?"

"முழங்கால் ரெண்டுதானே."

"அப்ப மூணாவது?"

கொஞ்சம் யோசித்தார். "கதிர தூக்கித் தூக்கி இடுப்பும் உளையுது" என்றார்.

நூறு மணித்தியால வேலை தீர்ப்பாகியிருந்தது. காக்காவுக்கு அதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: வீட்டில் மனைவிக்குத் தெரியக்கூடாது. அவரிடம் ஹெல்மட் போடாத கேஸ் என்று சொல்லி வைத்திருந்தாராம். எனக்கு முன்னால் இந்த ஃபைலைப் பார்த்தவர் வீட்டுக்குப் போய் மனைவியைக் கண்டு எழுத வேண்டிய அறிக்கையைக் கதிரைக் கடை வாசலில் வைத்து, காக்கா வாங்கிக் கொடுத்த பிளேன்டியைக் குடித்துக்கொண்டே எழுதி முடித்திருந்தார். அதனால் அந்த ஹெல்மட் பொய், எங்கள் ஆள் யாரும் வீட்டுப் பக்கம் போகாமல், பத்திரமாக இருந்தது.

"தெரிஞ்ச ஆக்கள் இல்லாத இடமாப் பாத்துப் போடுங்க மிஸ்" என்று கெஞ்சினார். ஆலையடிவேம்புப் பக்கம் ஒரு சித்த மருந்தகம் இருந்தது. பெரிய வளவு, வேப்பமரம், புளியமரம், நாள் முழுக்கச் சருகு. அங்கே போட்டேன். சனிக்கிழமை தோறும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. அங்குள்ள வைத்தியர் வரவுத்தாளில் ஒப்பம் வைப்பார். காக்காவை அவர் 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டார். முதலாளியும் சேட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, பெனியனோடும் சாரனோடும் விளக்குமாற்றைத் தூக்கினால் வளவு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பதினெட்டுச் சனிக்கிழமை ஒரு நாள் தவறாமல் வந்தார். எழுபத்திரண்டு மணித்தியாலம். என் ஃபைல்களிலேயே மிகத் திருந்திய ஃபைல் அதுதான். மாதாந்தக் கூட்டத்தில் அதை எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருந்தேன். கை தட்டியவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டினார்.

அப்போது எனக்குத் தெரியாத பகுதி வேறு. பதினெட்டுச் சனிக்கிழமையும் காக்கா வீட்டிலிருந்து கிளம்பிய விதம் இது: மினுக்கிய சேட்டு, அத்தர், வாரிய தாடி. போகும் இடத்தைக் கேட்டால் 'ஒரு சோலி இரிக்கி' என்ற பதில். மத்தியானம் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் ஏதோ ஒரு தைல வாசம். போனில் என் எண்ணைப் பெயர் போடாமல் 'சனிக்கிழமை' என்று சேமித்திருந்தார். புத்திசாலித்தனமாம்.

பிறகு வந்தது என்னுடைய புத்திசாலித்தனம். அந்த வெள்ளிக்கிழமை வைத்தியர் அழைத்து, நாளைக்கு இலவச கிளினிக், ஆட்கள் நிறைய வருவார்கள், முதலாளியைக் கொஞ்சம் முந்தி வரச் சொல்லுங்கள் என்றார். நான் உடனே காக்காவின் போனுக்கு எடுத்தேன். மறுமுனையில் 'ஹலோ' வருமுன்னரே பேசத் தொடங்கிவிட்டேன். எதிலும் வேகம். பட்டமும் அப்படித்தான் வாங்கினேன்.

"காக்கா, நாளைக்கி எட்டுக்கு வேணாம், ஏழரைக்கே வந்திருங்க. ஆக்கள் வர முந்தி முடிச்சிரலாம். நானும் வாறன்."

பிறகு ஒரு பெண் குரல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக:

"எதப் புள்ள முடிக்கப் போறீங்க ரெண்டு பேரும்?"

எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. கண்காணிப்பில் இருப்பவர் என்ன குற்றம் செய்தார் என்பதை அவருடைய சம்மதமில்லாமல் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது, மனைவிக்கும் கூடாது. விதி எனக்கு நல்ல மனப்பாடம். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலே மிச்சத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே, பயிற்சி பெற்ற ஒரு உத்தியோகத்தர் செய்ய வேண்டியதைச் செய்தேன். போனை வைத்துவிட்டேன்.

எதிர் மேசையில் இருந்த அக்கா, இந்த வேலையில் பதினைந்து வருடம் பழுத்த கல்முனைத் தமிழ் மனுசி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"ஆரடி எடுத்தது?"

"காக்காட மனுசி."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல. வெச்சிட்டன்."

"அடி விசரி. கதைச்சதுக்கு மன்னிப்புக் கிடைச்சிருக்கும். வெச்சதுக்குக் கிடைக்காது."

மறுநாள் காக்கா வந்தார். மினுக்காத சேட்டு, அத்தர் இல்லை. கன்னத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் பின்னல் அடையாளம் அச்சாகப் பதிந்திருந்தது. கேட்கவே தேவையில்லை, கேட்டேன்.

"உடுப்பெல்லாத்தையும் அரிசிச் சாக்குல போட்டுக் கேட்டுக்கு வெளிய வெச்சிட்டா" என்றார். "கடைக்குள்ளதான் கிடக்கன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடித்து வருகிறவர் ஆண்தான். அவர் வரும்போது உடுப்போடு வருவார், போக வேண்டி வந்தால் அதே உடுப்போடு போவார். யார் போவது என்பது பெண் பெயரில் வீட்டு உறுதி எழுதிய அன்றே முடிவான விஷயம். காக்கா அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்திருந்தார். நீதிமன்றக் கட்டளையில் இருந்த முகவரியும் அந்த வீடுதான். முகவரியை விட்டு வெளியேறினால் கட்டளையை மீறியதாக அர்த்தம். போன மாதம்தான் நீதவான் ஒருவரைச் சொன்ன வீட்டில் இல்லை என்பதற்காகவே உள்ளே அனுப்பியிருந்தார். என் மாத அறிக்கை போவதற்குப் பத்து நாள் இருந்தது. முடிக்க வேண்டிய மணித்தியாலம் இருபத்தெட்டு. மனுசன் எழுபத்திரண்டு மணித்தியாலம் ஒழுங்காகக் கூட்டிவிட்டு, என் ஒரு போன் அழைப்பால் சிறைக்குப் போகப்போகிறார்.

"கடைய முகவரியாப் போட ஏலாதா மிஸ்?"

"முன்னூறு கதிரையோட குடியிருக்கார் எண்டு எழுதட்டா? ஊட்டுக்குப் போய் உண்மையச் சொல்லுங்க காக்கா. கஞ்சாதானே. ரெண்டு நாள் ஏசுவா, மூணாம் நாள் சோறு போடுவா."

காக்கா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு உலகம் விளங்கவில்லையே என்ற பார்வை.

"மிஸ், ரெண்டாங் கலியாணம் எண்டு நெனச்சா நெனைக்கட்டும். அதுக்கு மார்க்கத்தில இடமிரிக்கி. கஞ்சாக்கு இல்ல."

"காக்கா, அந்த ரெண்டாம் பொண்டாட்டி நான்."

"நீங்க ஆரெண்டு அவக்குத் தெரியாதானே."

நாலு வருட சமூகவியலில் இதற்கு ஒரு பாடம் இருந்திருக்கலாம். அன்றைக்கு நான் விரிவுரைக்குப் போகவில்லை போலும்.

அந்த வாரம் முழுக்க அவரைத் துரத்தினேன். திங்கள் கேட்டேன், "இன்ஷா அல்லாஹ் சொல்றன்" என்றார். புதன் கேட்டேன், அதே பதில், 'சொல்றன்' மட்டும் காணாமல் போயிருந்தது. அதற்குள் தெருவில் கதை முற்றிவிட்டதாக அவரே தகவல் சொன்னார். 'அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பொம்பள, படிச்சவளாம், வயசும் குறைவாம்.' கடைசிப் பகுதியைச் சொல்லும்போது குரலில் ஒரு சின்னப் பெருமை தட்டியது. அதையும் ஃபைலில் எழுத நினைத்தேன்; அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் மருந்தகத்துக்குப் போனேன். இன்றைக்கு இவரை என் ஸ்கூட்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரவைத்து, வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போவது என்ற முடிவோடு போனேன். காக்கா புளியமரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வரவுத்தாளோடு நின்று ஏசிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஓட்டோ வளவுக்குள்ளேயே வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினார். காக்காவின் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்ததைப் பார்த்துத்தான் அது யாரென்று எனக்கு விளங்கியது. காக்கா கடையிலிருந்து கிளம்பியபோதே மனைவி பின்னால் வந்திருக்கிறார்.

அவர் என்னைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. விளக்குமாற்றைப் பார்த்தார். பிறகு கூட்டிக் குவித்து வைத்திருந்த சருகுக் குவியல்களை, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசம்" என்றார். "என்ட ஊட்டுல ஒரு நாளைக்கி, ஒரே ஒரு நாளைக்கி இந்த மனுசன் தும்புத்தடியத் தொட்டிருப்பாரா? முத்தத்தில சருகு கிடந்தா அதுக்கு மேலால நடந்து போற ஆள். இவளுக்கு முத்தம் கூட்டிக் குடுக்கயா நீ?"

"இல்ல... இது..." என்றார் காக்கா.

"நீ சும்மா இரி. புள்ள, ஒன்ட ஊடு இவ்வளவு பெரிசா? எவ்வளவு வளவு? உம்மா வாப்பா தந்ததா?"

மருந்தகத்துத் திண்ணைப்பலகையில் இருந்த நாலைந்து நோயாளிகள் வருத்தத்தை மறந்து கழுத்தை நீட்டினார்கள். வைத்தியர் ஜன்னலை மூடுவது போலப் பாதி மூடி, மிச்சப் பாதிக்குள் நின்றுகொண்டார்.

வாய் நுனியில் எல்லாமே இருந்தது. 'ராத்தா, நான் கவுண்மெண்ட், இவரு கஞ்சா கேஸ்' என்று இரண்டே நொடியில் முடித்திருக்கலாம். விதி தடுத்தது. காக்காவைப் பார்த்தேன். காக்கா புளியமரத்தைப் பார்த்தார். மரம் அவருக்கு உதவவில்லை. மனைவி கேட்டார், "கட்டிட்டயா இவள?"

காக்கா வாயைத் திறந்தார். அந்த வாய் 'ஓம்' என்று சொல்லத்தான் திறந்தது. இதை எந்த நீதவான் முன்னும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். நான் வரவுத்தாளை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

"வாசிங்க."

"மிஸ்..."

"நான் சொல்ல ஏலா. நீங்க வாசிக்கலாம். மேலயிரிந்து வாசிங்க. இல்லாட்டி ரிப்போட்டுல ஆள் முகவரியில இல்ல எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போறன். ஜெயிலுக்குப் போற வழியில ரெண்டாங் கலியாணம் முடிங்க."

வாசித்தார். முதலில் தன் பெயரை, பிறர் பெயரை வாசிப்பது போல. பிறகு வழக்கு இலக்கம். பிறகு குற்றம், அந்த வரியில் குரல் தாழ்ந்தது. "சத்தமா" என்றார் மனைவி. சத்தமாக வாசித்தார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையாக, எட்டு முதல் பன்னிரண்டு, எட்டு முதல் பன்னிரண்டு என்று பத்தொன்பது வரியும். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மனைவி போய் நோயாளிகள் இருந்த பலகையில் உட்கார்ந்தார். ஒரு கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார்.

"எட்டு நாள் அழுதிரிக்கன்" என்றார் என்னிடம். "கஞ்சா எண்டு தெரிஞ்சிரிந்தா ஒரு நாள் அழுதிட்டு உட்டிரிப்பன். மிச்ச ஏழு நாளும் வீணாப் போச்சு."

"அவருக்கு இன்னும் இருபத்திநாலு மணித்தியாலம் இரிக்கி ராத்தா. இண்டையோட சேத்துச் சொல்றன். ஊட்டுல எடுக்காட்டி ஜெயில்தான்."

"இருபத்திநாலையும் என்ட முத்தத்தில கூட்டச் சொல்லி எழுதிக் குடுங்களன்."

"பொது இடத்தில மட்டும்தான் ராத்தா."

"அதானே. ஊருக்கெல்லாம் கூட்டுவாரு." பிறகு கணவனைப் பார்த்தார். "மூணு பக்கட்டா?"

"முழங்கால்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிரச்சினை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவரை வீட்டில் எடுக்க மனைவிக்குச் சம்மதம். ஆனால் தெரு முழுக்க இரண்டாம் கல்யாணம் என்று மனைவியே சொல்லி அழுதாகிவிட்டது. இப்போது ஆள் திரும்பி வந்தால் காரணம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் கஞ்சாக்காரன் பெண்சாதி என்று பெயர். மூத்த மகனுக்குச் சம்மாந்துறையில் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பலகையில் இருந்தபடியே யோசித்தார். நானும் யோசித்தேன். கிழவரும் யோசித்தார் என்று நினைக்கிறேன்.

"அவளத் துரத்தி அடிச்சிட்டன் எண்டு சொல்லிருவன்" என்றார் கடைசியில். "அதுல எனக்கும் ஒரு மரியாத இரிக்கி."

"நல்லம் ராத்தா. ஆனா முகவரி சரியெண்டு பாத்து எழுத நான் ஊட்டுக்கு வரணும். நீங்க ஃபோமுல ஒப்பம் வெக்கணும்."

என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நான் படித்தவள், வயது குறைவு. தெருவிடம் இருந்த வர்ணனைக்கு ஒரு புள்ளி பிசகில்லை.

"வாங்க" என்றார். "வாசல்ல வெச்சிக் கொஞ்சம் ஏசுவன். மனசில எடுக்காதீங்க தங்கச்சி."

அலுவலகத்தில் அக்காவிடம் எனக்குப் பதிலாகப் போகச் சொன்னேன். அக்கா ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டார். "உன்ட ஃபைல், உன்ட புருசன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் போனேன். நேரத்தைக் குறித்துத் தந்தது காக்காவின் மனைவிதான். தெரு நிறைந்திருக்க வேண்டுமாம். ஸ்கூட்டியை நிறுத்திக் கேட்டில் கை வைத்ததும் தொடங்கினார். என் படிப்பு, என் வளர்ப்பு, என் கண், என் நடை, ஊரில் ஆண்களா இல்லை, முழங்கால் உளைகிற கிழவனைத்தான் பிடிக்க வேண்டுமா என்று எல்லாம் வந்தது. மதில்களுக்கு மேலே தலைகள் முளைத்தன. கொஞ்சம் ஏசுவேன் என்றவர் என்னைக் குளிப்பாட்டி எடுத்தார். தலையைக் குனிந்து நின்றேன். உண்மையைச் சொன்னால், நடுவில் ஓர் இடத்தில் அது நடிப்பில்லை என்று எனக்குப் பட்டது. எட்டு நாள் அழுகைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கையில் இருந்தது என் முகம்.

"உள்ள வா, ரெண்டுல ஒண்டு இப்பவே பேசி முடிப்பம்" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே மேசையில் வட்டிலப்பம், நெஸ்கபே. காக்கா ஒரு மூலையில், தன் கடைக் கதிரை ஒன்றில், கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தார். அறைகளைப் பார்த்தேன். அரிசிச் சாக்கு வெறுமையாக மடித்துக் கிடந்தது. உடுப்புகள் அலுமாரிக்குத் திரும்பியிருந்தன. ஆள் குடியிருக்கிறார் என்று கட்டத்தில் புள்ளடி போட்டேன். மனைவி ஃபோமை இரண்டு தரம் வாசித்து, ஒப்பம் வைத்து, மடிப்பு விழாமல் திருப்பித் தந்தார்.

"ஏச்சு கூடிப் போச்சா?"

"பரவாயில்ல ராத்தா."

ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்தார். "முன் ஊட்டுக்காரி இப்பதான் வந்து நிக்கா. அவ முந்தினதக் கேக்கல்ல. போகக்குள்ள இன்னொருக்கா ஏசட்டா?"

ஃபோம் பைக்குள் பத்திரமாக இருந்தது. "ஏசுங்க" என்றேன்.

அறிக்கை போனது. நீதவான் பக்கத்தைப் புரட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. மிச்ச ஐந்து சனிக்கிழமையும் காக்கா கூட்டி முடித்தார். கொண்டுவந்து விட்டதும் கூட்டிப்போனதும் மனைவிதான், ஓட்டோவில். அந்தத் தெருவிலிருந்து இப்போது வேறொருவர் என் கண்காணிப்புக்கு வந்திருக்கிறார். களவு மண் ஏற்றிய வழக்கு, சாதுவான மனுசன். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போன வாரம் தெரு முனை வரை போனேன். மதிலடியில் நின்ற இரண்டு பெண்கள் என் ஸ்கூட்டியைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அப்படியே திருப்பிக்கொண்டு கடற்கரை வீதியால் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். அந்தத் தெருவுக்கு எனக்குப் பதிலாகப் போகச் சொல்லி அக்காவிடம் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.